நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் மாளிகை: செங்கல், சுண்ணாம்பு, இந்தியக் கைதிகளின் உழைப்பு

முன்னுரை

மலாக்கா நகரின் டச்சுச் சதுக்கத்திற்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அங்குள்ள செந்நிறக் கட்டடங்களைக் காட்டி வரலாறு கற்பிப்பது வழக்கம். ஸ்டாட்ஹைஸ் எனப்படும் பழைய ஆட்சிமனை, 1753இல் நிறைவுற்ற கிறிஸ்து தேவாலயம், 1886இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு ஆகியன இன்று ஒரே நிறத்தில் காட்சியளிக்கின்றன. ஆயினும், அந்நிறம் செங்கல்லின் இயல்பான நிறமன்று. டச்சுக்காரர் காலத்தில் வெண்ணிறமாக இருந்த ஆட்சிமனைக்கு ஆங்கிலேயர் ஆட்சியின்போது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செந்நிறம் பூசப்பட்டது. எனவே, ஒரு கட்டடத்தின் மேற்பூச்சு நமக்குச் சொல்லும் செய்தி வேறு. அதனடியில் உள்ள செங்கல்லும் சுண்ணாம்பும் சொல்லும் செய்தி வேறு.

இக்கருத்தைத் தெளிவாக விளக்கவல்ல கட்டடம் ஒன்று மலாக்காவிற்குத் தெற்கே சிங்கப்பூரில் உள்ளது. விக்டோரியா மகாராணியார் காலத்தில், 1867ஆம் ஆண்டிற்கும் 1869ஆம் ஆண்டிற்கும் இடையில் கட்டப்பட்ட ஆளுநர் மாளிகையே அது. இன்று இஸ்தானா என்ற பெயரில் சிங்கப்பூர் அதிபரின் அதிகாரத்துவ இல்லமாக விளங்குகிறது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த காலத்தில் எழுந்தமையால், இம்மாளிகை மலாக்காவின் வரலாற்றோடும் தொடர்புடையது. மலாக்கா மக்களை ஆண்ட ஆளுநர் வாழ்ந்த வீடு அது.

இம்மாளிகையைப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளே கட்டினர். மலேசியத் தமிழர் வரலாற்றை ரப்பர்த் தோட்டத்திலிருந்து தொடங்கிக் கற்பிக்கும் வழக்கம் நம் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேரூன்றியுள்ளது. அத்தொடக்கத்திற்கு முன்னும் ஒரு வரலாறு உண்டு என்பதற்கு இம்மாளிகை சான்றாகிறது. இதன் கட்டட அமைப்பையும், அதற்குப் பயன்பட்ட பொருள்களையும், கட்டியவர்களின் நிலையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுழைப்பில் தமிழர் பங்கினை எந்த அளவிற்கு உறுதியாகக் கூறலாம் என்ற வினாவும் இங்கு ஆராயப்படுகிறது.

மாளிகை எழுந்த அரசியற் சூழல்

1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் இணைத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஆட்சிப்பகுதியை உருவாக்கியது. தொடக்கத்தில் பினாங்கில் இருந்த தலைமையிடம் 1832இல் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. இப்பகுதி முழுவதும் இந்தியாவிலிருந்தே ஆளப்பட்டது. ஆகவே இந்தியாவின் சட்டங்களும் படையினரும் நாணயமும் இங்கு வந்தமை போலவே, இந்திய நீதிமன்றங்களால் நாடு கடத்தப்பட்டவர்களும் இங்கு அனுப்பப்பட்டனர்.

இந்திய அரசின் ஆட்சி இப்பகுதி வணிகர்களுக்கு மனநிறைவு அளிக்கவில்லை. 1850களில் ஐரோப்பிய வணிகர்கள் எழுப்பிய குறைகளுள், இந்தியாவின் குற்றவாளிகளைக் கொட்டும் இடமாகத் தங்கள் ஊர் ஆக்கப்பட்டுள்ளது என்பதும் ஒன்று. இந்தியாவிலிருந்து பிரிந்து நேரடியாக இலண்டனின்கீழ் வரவேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 1867ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அக்கோரிக்கை நிறைவேறியது. நீரிணைக் குடியேற்றங்கள் முடியாட்சிக் குடியேற்ற நாடாயின. சர் ஹாரி செயிண்ட் ஜார்ஜ் ஓர்ட் அதன் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

அப்போது ஆளுநருக்கென்று தகுந்த இல்லம் இருக்கவில்லை. ராஃபிள்ஸ் காலத்தில் குன்றின்மேல் கட்டப்பட்ட பழைய ஆளுநர் இல்லம், அங்குக் கேனிங் கோட்டை அமைப்பதற்காக 1859இல் இடிக்கப்பட்டிருந்தது. அதன்பின் ஆளுநர்கள் வாடகை வீடுகளில் தங்கினர். புதிய ஆட்சிக்குரிய மதிப்பினை வெளிப்படுத்தும் மாளிகை வேண்டும் என்று ஓர்ட் விரும்பினார். கல்கத்தாவில் வழக்கறிஞராக விளங்கிய சார்ல்ஸ் ராபர்ட் பிரின்செப் என்பாரின் சாதிக்காய்த் தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 106 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1850களில் பரவிய நோயால் சிங்கப்பூரின் சாதிக்காய்ப் பயிர்த்தொழில் ஏற்கெனவே அழிந்திருந்தது. 1867 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1869 அக்டோபரில் பணி நிறைவுற்றது. அவ்வாண்டு டிசம்பரில் விக்டோரியா மகாராணியாரின் மகனான எடின்பரோ கோமகன் வருகை புரிந்தபோது இம்மாளிகையில் வரவேற்கப்பட்டார். மாளிகைக்கு ஆன செலவு மிகுதி என்று வணிகர்கள் ஆளுநரைக் கடுமையாகக் குறைகூறினர்.

இங்கு நாம் கருதத்தக்க முரண் ஒன்று உண்டு. இந்தியக் கைதிகளை அனுப்புவதை எதிர்த்தோர் இந்தியாவிலிருந்து பிரிவினை கோரினர். அப்பிரிவினையால் உருவான புதிய ஆட்சியின் முதற்பெருஞ் சின்னமோ அதே இந்தியக் கைதிகளின் கைகளால் எழுந்தது. அவர்களை வேண்டாதார் எனக் கருதிய சமுதாயத்தால் அவர்களின்றி ஒரு மாளிகையை எழுப்ப இயலவில்லை.

கட்டட அமைப்பு

மாளிகையின் வரைபடத்தை உருவாக்கியவர் ஜான் ஃபிரெடெரிக் அடோல்ஃபஸ் மெக்நாயர். இவர் மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். குடியேற்ற நாட்டின் பொறியாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் ஒருசேரப் பணியாற்றியவர். வரைபவரும் உழைப்பாளர்களை ஆள்பவரும் ஒருவராகவே இருந்தமை இக்கட்டடத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவும் செய்தியாகும்.

மாளிகை பல்லாடிய முறையைத் தழுவியது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆந்திரேயா பல்லாடியோவின் பெயரால் வழங்கும் இம்முறையில் நடுப்பகுதி உயர்ந்து நிற்க, இருபுறமும் ஒத்த அளவினவாகிய சிறகுகள் நீளும். இம்மாளிகையின் நடுவில் மூன்று தளங்கள் கொண்ட பகுதியும் அதன்மேல் ஏறத்தாழ 28 மீட்டர் உயரமுடைய கோபுரமும் உள்ளன. இருமருங்கும் சிறகுகள் விரிந்து செல்கின்றன. கிரேக்க உரோமானியத் தூண்முறைகள் மூன்றும் இங்குப் பயன்பட்டுள்ளன. அடித்தளத்தில் எளிமையும் உறுதியும் மிக்க டோரிக் முறையும், அதன்மேல் சுருள்முடி கொண்ட அயோனிக் முறையும், இலைவடிவ அணிகளுடன் கூடிய கொரிந்தியன் முறையும் அமைந்துள்ளன. பாரம் தாங்கும் கீழ்த்தளத்திற்கு உறுதியான தோற்றமும், மேற்செல்லச் செல்ல நுண்மையும் தருவது இம்மரபின் இலக்கணம்.

ஆயினும், இது இங்கிலாந்திலிருந்து அப்படியே பெயர்த்துக் கொணரப்பட்ட வீடன்று. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படைப் பொறியாளர்கள், ஐரோப்பிய வடிவத்தை வெப்ப நாட்டின் தேவைக்கேற்ப மாற்றியமைத்து ஒரு மரபை உருவாக்கியிருந்தனர். 1803இல் நிறைவுற்ற கல்கத்தா ஆளுநர் மாளிகையும், சென்னையில் ஜான் கோல்டிங்காம் வடிவமைத்து இன்று இராஜாஜி மண்டபம் என வழங்கும் விருந்து மண்டபமும் அம்மரபின் புகழ்பெற்ற சான்றுகள். சிங்கப்பூர் மாளிகை அவற்றின் வழித்தோன்றல் எனலாம். அறைகளைச் சூழ்ந்து ஓடும் அகன்ற தாழ்வாரங்கள் வெயிலும் சாரலும் சுவரைத் தாக்காமல் காக்கின்றன. ஒன்றுக்கொன்று நேராக அமைந்த கதவுகளும், சாய்சட்டங்கள் பொருத்திய மரச் சன்னல்களும் காற்றை ஊடே செல்ல விடுகின்றன. உயர்ந்த கூரை வெப்பக் காற்றினை மேலே தங்கச் செய்கிறது.

நிழலும் காற்றோட்டமும் முதன்மை பெறும் இவ்வமைப்பை மலாய் மரபு வீட்டோடு ஒப்பிட்டுப் பேசுவர். மலாக்கா மாநிலத்துப் பழைய மலாய் வீடுகளின் முன்கட்டினை அறிந்தவர்கள் இவ்வொப்புமையை எளிதில் உணர்வர். தமிழ்நாட்டு வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் இதே தேவையிலிருந்து பிறந்தவையே. இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று முடிவு கட்டுவதைவிட, ஒத்த தட்பவெப்பம் ஒத்த தீர்வுகளை நாடச் செய்தது என்று கொள்வதே பொருந்தும்.

செங்கல்

வெண்ணிற மாளிகையாகத் தோன்றும் இக்கட்டடத்தின் உடல் செங்கல்லே. சிங்கப்பூரில் செராங்கூன் சாலைப் பகுதியில் நல்ல களிமண் கிடைத்தது. அங்கு 1858இல் அரசின் செங்கற்களம் நிறுவப்பட்டது. கைதிகள் மண்ணை வெட்டினர், நீர் சேர்த்து மிதித்துப் பிசைந்தனர், அச்சில் இட்டு அறுத்தனர், நிழலில் உலர்த்தினர், பின்னர்ச் சூளையில் அடுக்கிச் சுட்டனர். இவ்வேலைகளுள் ஒவ்வொன்றும் பட்டறிவினை வேண்டுவது. பச்சைக் கல் சரியாக உலராமல் சூளைக்குச் சென்றால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துவிடும். வெப்பம் குறைந்தால் கல் வேகாது, மழையில் கரையும். வெப்பம் மிகுந்தால் உருகி வளைந்து அடுக்குவதற்குப் பயன்படாது போகும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இந்நிலப்பகுதியில் உலர்த்தும் பணியே மிகக் கடினமானது.

இக்களத்தில் உருவான செங்கற்கள் 1867இல் நடைபெற்ற ஆக்ராக் கண்காட்சியில் பதக்கம் பெற்றன. மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஆண்டும் அதுவே. நாடு கடத்தப்பட்டவர்கள் அறுத்த கல், அவர்களை நாடு கடத்திய நாட்டிற்கே சென்று பாராட்டுப் பெற்றது. ஆயின், பதக்கம் கைதிகள் துறையின் பெயருக்கு உரியதாயிற்றேயன்றி, கல் அறுத்த எவர் பெயருக்கும் உரியதாகவில்லை.

சுண்ணாம்பு

செங்கல்லைப் பிணைப்பதும் அதன்மேல் பூசப்படுவதும் சுண்ணாம்பு. சிமெண்டு பரவலாவதற்கு முன்னர்க் கட்டப்பட்ட கட்டடங்களின் ஆயுள் சுண்ணாம்பின் தரத்தைப் பொறுத்தே அமைந்தது. கடற்கரைப் பகுதிகளில் சிப்பியும் பவளப்பாறையும் சுண்ணாம்பிற்கு மூலப்பொருளாயின. அவற்றைச் சூளையில் சுடும்போது கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைக் குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஈர்த்து மீண்டும் கல்லாக இறுகும்.

நீரிணைக் குடியேற்றங்களில் மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு எனப்பட்ட முறை சிறப்பிடம் பெற்றிருந்தது. இதன் செய்முறையை மெக்நாயரே பதிவு செய்துள்ளார். மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பை முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துப் பசையாக்குவர். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதனுடன் கலப்பர். சுவரில் பூசி, உலரத் தொடங்கியபின், வழவழப்பான கற்களாலும் படிகக் கல்லாலும் நெடுநேரம் தேய்ப்பர். இடையிடையே மென்மையான மாக்கல் தூள் தூவப்படும். நிறைவில் சுவர் பளிங்குபோல் ஒளிரும். 1862இல் அர்ச்சிக்கப்பட்ட சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்புறத்தில் கைதிகள் இம்முறையைக் கையாண்டனர். மெக்நாயருக்கு முன்பு கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த ரொனால்டு மக்ஃபெர்சன் வடிவமைத்த ஆலயம் அது. அவ்வாலயத்தைக் கட்டித் தேர்ந்த அதே தொழிற்படையே சில ஆண்டுகளில் ஆளுநர் மாளிகைப் பணிக்குக் கிடைத்தது.

இச்செய்முறையின் பெயரிலேயே தமிழ்நாட்டின் தொடர்பு உள்ளது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்து மெருகேற்றிய சுவர்களை இன்றும் காணலாம். சுண்ணாம்புச் சாந்தில் வெல்லமும் கடுக்காய் நீரும் சேர்ப்பது தமிழகக் கொத்தனார்களின் பழைய வழக்கம். சர்க்கரைப் பொருள் சுண்ணாம்பின் கரைதிறனை மிகுவித்துச் சாந்தினை இளக்கமாக வைத்திருக்கும்; வெள்ளைக்கருவின் புரதம் நுண்துகள்களைப் பிணைக்கும். அறிவியற் பெயர்கள் வழங்காத காலத்திலேயே கைத்தொழிலாளர் இவற்றின் விளைவை அறிந்திருந்தனர்.

சுண்ணாம்புப் பூச்சிற்கு வேறொரு நன்மையும் உண்டு. செங்கல் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சுண்ணாம்பு அவ்வீரத்தை வெளியே ஆவியாக விடும்; சிமெண்டு அதனை உள்ளேயே அடைத்துவிடும். பழைய செங்கற் கட்டடங்களைச் சிமெண்டு பூசிப் பழுதுபார்க்கும்போது சுவர் பொரிந்து உதிர்வதற்கு இதுவே காரணம். மலாக்காவில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் போன்ற பழங்கட்டடங்களைப் பேணுவோர்க்கும் இவ்வுண்மை பயன்படக்கூடியது.

கட்டியவர் யாவர்?

1825ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து 80 கைதிகள் சிங்கப்பூர் வந்திறங்கினர். அங்கு வந்த முதல் தொகுதியினரான இவர்கள் மதராஸ் மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட 122 பேர் வந்தனர். பினாங்கிற்குக் கைதிகள் வருவது அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. மலாக்காவிலும் கைதிகள் வைக்கப்பட்டிருந்தனர். மெக்நாயர் தம் நூலில் மலாக்காவைப் பற்றியும் தனியே எழுதியுள்ளார். மலாய் மக்கள் இவர்களை ஓராங் ரந்தாய், அதாவது சங்கிலி மனிதர், என்றழைத்தனர்.

இவர்கள் அனைவரையும் கொலை, கொள்ளை முதலிய குற்றம் புரிந்தோர் என்று ஒதுக்கிவிட இயலாது. ஆட்சியை எதிர்த்தவர்களும் இவ்வாறே கடல் கடத்தப்பட்டனர். 1801இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்கிற்கு அனுப்பப்பட்டமை தமிழ்நாட்டு வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி.

1840களில் ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில் வகுக்கப்பட்ட விதிகள் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்தன. நன்னடத்தையால் ஒருவர் படிப்படியாக உயரலாம். முதல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்றுச் சிறைக்கு வெளியே வாழ்ந்து தம் பிழைப்பைத் தாமே தேடிக்கொள்ளலாம். கீழ் வகுப்பினர் விலங்குடன் கடுவேலை செய்யவேண்டும். முதியோரும் நோயாளரும் ஆறாம் வகுப்பில் அடங்குவர். கைதிகளைக் காவல் செய்யக் கைதிகளுள் இருந்தே காவலர் அமர்த்தப்பட்டனர். மெக்நாயர், பேலிஸ் என்பாருடன் சேர்ந்து 1899இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கைதிகள் தமக்குத் தாமே காவலர் என்னும் பொருள்படுவது. செங்கல் அறுத்தல், கல் உடைத்தல், தச்சு, கொல்வேலை, கொத்துவேலை முதலிய தொழில்கள் சிறையிலேயே கற்பிக்கப்பட்டன. வரும்போது உழவராகவோ போர்வீரராகவோ இருந்தவர், விடுதலை பெறும்போது கைவினைஞராயினார்.

மெக்நாயரின் நூல் இம்முறையைப் பெருமிதத்துடன் விளக்குகிறது. அப்பெருமிதத்தை நாம் எச்சரிக்கையோடு அணுகவேண்டும். எழுதியவர் கண்காணிப்பாளர், எழுதப்பட்டவர் தம் கருத்தைப் பதிவுசெய்ய வாய்ப்பற்றவர். தொழில் கற்றமை உண்மை. அது விருப்பின்றிக் கற்ற தொழில் என்பதும் உண்மை.

இனி, இவர்களுள் தமிழர் எத்தகைய பங்கினர் என்னும் வினாவிற்கு வருவோம். 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக் கருத்தரங்கிற்காகக் கெர்னியல் சிங் சாந்து எழுதிய கட்டுரை, 1790 முதல் 1873 வரை நீரிணைக் குடியேற்றங்களில் இருந்த தமிழ்க் கைதிகளையும் பிற இந்தியக் கைதிகளையும் பற்றியது. அத்தலைப்பே இருதரப்பாரையும் இணைத்துக் கூறுவது கவனிக்கத்தக்கது. வங்காளம், மதராஸ், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் கைதிகள் வந்தனர். மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர் அனைவரும் தமிழரல்லர். அம்மாகாணத்தில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுவோரும் அடங்குவர். எனவே, ஆளுநர் மாளிகையைத் தமிழர் கட்டினர் என்று கூறுவது வரம்பு மீறிய கூற்றாகும். தமிழரும் அடங்கிய இந்தியக் கைதிகள் கட்டினர் என்பதே சான்றுகள் தாங்கும் கூற்று. 2009இல் சிங்கப்பூரின் சிறை வரலாற்றைக் கட்டடக்கலை நோக்கில் ஆராய்ந்து நூல் வெளியிட்ட அனோமா பியரிஸ், இவ்வுழைப்பாளர்களை மறைந்த கைகள் எனத் தம் நூலின் தலைப்பிலேயே குறித்துள்ளார்.

மிகைப்படுத்திப் பெருமை கொள்வதும் முற்றும் மறப்பதும் வரலாற்றுக்குத் தீங்கு செய்வன. முன்னது பிறர் உழைப்பைத் தமதாக்கும். பின்னது தம் முன்னோர் உழைப்பைப் பிறர்க்கு ஆக்கும்.

சொற்களில் எஞ்சிய சான்றுகள்

பெயர் பொறிக்கப்படாத உழைப்பாளர்கள் மொழியில் சில தடங்களை விட்டுச் சென்றுள்ளனர். மொழியாசிரியர்கள் இவற்றைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும்.

முதலாவது சுண்ணம் என்னும் சொல். அக்கால ஆங்கில ஆவணங்கள் சுண்ணாம்புப் பூச்சைச் சுனாம் என்றே குறித்தன. வடமொழிச் சூர்ணத்தோடு தொடர்புடைய சுண்ணம், தென்னிந்திய மொழிகளின் வழியே ஆங்கிலேயர் வாய்க்குச் சென்றது. பொருளைக் கையாண்டவர்களின் சொல்லே பொருளுக்கு நிலைத்தது.

இரண்டாவது சுண்ணாம்புக் கம்பம். செராங்கூன் சாலைப் பகுதியில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் தென்னிந்தியர் அப்பகுதியை இப்பெயரால் அழைத்தனர். மலாய் மொழியில் அங்குள்ள பகுதிக்குக் கம்போங் காப்பூர் என்று பெயர். காப்பூர் என்பது சுண்ணாம்பு. மலாய்க் கம்போங் தமிழில் கம்பமாகி, தமிழ்ச் சுண்ணாம்போடு இணைந்து நிற்கிறது. மலாக்காத் தமிழரின் பேச்சிலும் கம்பம் என்னும் சொல் இயல்பாகப் பயில்வதை நாம் அறிவோம்.

மூன்றாவது தண்டல். கைதிகளுள் மேற்பார்வையாளராக உயர்த்தப்பட்டவர்க்கு வழங்கிய பதவிப் பெயர்களுள் இதுவும் ஒன்று. முன்னர்க் கப்பல் பணியாளர்களின் தலைவனைக் குறித்த இச்சொல், பின்னாளில் மலாயாத் தோட்டங்களிலும் வேலையாள்களை மேற்பார்ப்பவரைக் குறித்தது. கப்பலிலும் சிறையிலும் தோட்டத்திலும் ஒரே சொல் வழங்கியதிலிருந்து, உழைப்பை ஒழுங்குபடுத்தும் முறை ஒரு துறையிலிருந்து மற்றொன்றிற்குச் சென்றது என்று உறுதியாக முடிவுகட்ட இயலாது. எனினும் அவ்வாய்வுக்கு இச்சொல் நல்ல தொடக்கமாகும்.

மலாய் மொழியில் வழங்கும் மஹ்லிகை, கோத்தா, கெடோங், காத்தில், தீராய், கோலாம் ஆகியவை முறையே மாளிகை, கோட்டை, கிடங்கு, கட்டில், திரை, குளம் என்னும் தமிழ்ச் சொற்களோடு தொடர்புபடுத்தப்படுவதும் இங்கு நினைவுகூரத்தக்கது. இவை கைதிகளின் காலத்திற்கு மிக முந்திய வணிக உறவின் விளைவுகள். இரு காலத்துச் சொற்களையும் ஒன்றாகக் குழப்பாமல் கற்பிக்கவேண்டும்.

பின்னாளைய வரலாறு

இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்படுவோரை ஏற்கும் இடமாக 1858 முதல் அந்தமான் தீவுகள் உருவெடுத்தன. 1873இல் சிங்கப்பூரின் கைதிகள் குடியிருப்பு முடிவுற்றது. எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். விடுதலையும் அனுமதிச் சீட்டும் பெற்றோரில் பலர் இங்கேயே தங்கி வண்டியோட்டுதல், மாடு வளர்த்தல், கட்டட வேலை முதலியவற்றால் வாழ்ந்து, உள்ளூர் மக்களோடு கலந்தனர்.

மாளிகையோ ஆட்சிகள் மாற மாறத் தானும் உடையவரை மாற்றிக்கொண்டது. 1942இல் ஜப்பானியர் தாக்குதலில் குண்டுகளுக்கு இலக்காகி, பின்னர் ஜப்பானியத் தளபதிகளின் இருப்பிடமாயிற்று. 1946இல் நீரிணைக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டன. மலாக்காவும் பினாங்கும் மலாயன் யூனியனில் சேர்ந்தன. அத்துடன் இம்மாளிகைக்கும் மலாக்காவிற்கும் இருந்த ஆட்சித் தொடர்பு அறுந்தது. 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது இஸ்தானா நெகாரா என்னும் மலாய்ப் பெயர் சூட்டப்பட்டது. 1992இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டில் சில திருநாள்களின்போது அதன் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. அவற்றுள் தீபாவளியும் ஒன்று.

முடிவுரை

மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பரைப் பயிரிட்டது 1896ஆம் ஆண்டு. ஆளுநர் மாளிகை நிறைவுற்றது அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பு. மலாக்காத் தோட்டப்புறங்களில் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறுவதற்கு முன்னரே, இந்தியாவிலிருந்து வந்த மற்றொரு தலைமுறை இம்மண்ணைப் பிசைந்து கல்லாக்கிக் கட்டடம் எழுப்பியிருந்தது. அத்தலைமுறையை நம் பாடங்கள் பெரிதும் பேசுவதில்லை. கைதி என்னும் சொல் தரும் கூச்சம் அதற்கு ஒரு காரணமாகலாம். வணிகரையும் புலவரையும் முன்னோராக ஏற்பதற்கு யாரும் தயங்குவதில்லை. விலங்கு பூண்டோரை ஏற்பதற்குத் தயங்குகிறோம்.

இந்நிலை மாறத் தமிழாசிரியர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மாணவர்களைப் பழங்கட்டடங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, கட்டியவர் யார், கல் எங்கே சுடப்பட்டது, சுண்ணாம்பு எதிலிருந்து கிடைத்தது என்னும் வினாக்களையும் எழுப்பலாம். சாந்து, சூளை, கரணை, கொத்தனார், சித்தாள் முதலிய கட்டடத் தொழிற் சொற்களை ஊர் முதியோரிடமிருந்து தொகுக்கச் செய்யலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இக்காலத்தில் இச்சொற்களை அறிந்தவர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் இருக்கும்போதே இப்பணி நிறைவேற வேண்டும்.

மெக்நாயரின் பெயரை வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. அவர் வரைந்த கோடுகளைச் சுவராக்கியவர்களின் பெயர்களை இனி நாம் முழுமையாக மீட்க முடியாது போகலாம். ஆயினும், அவர்கள் எவ்வாறு வந்தனர், என்ன தொழில் கற்றனர், எப்பொருளை எவ்வாறு கையாண்டனர் என்பவற்றை உள்ளது உள்ளவாறு மாணவர்க்கு எடுத்துரைக்க முடியும். மலேசியத் தமிழர் வரலாற்றுப் பாடம் ரப்பர் மரத்தடியில் தொடங்காமல் செங்கற்சூளையருகே தொடங்குமாயின், அது கூடுதல் நிறைவும் நேர்மையும் உடையதாக அமையும்.